இசோக்கோ மொழியின் ஒலியமைப்பில் கவனிக்கத்தக்கவை எவை?

நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில் பேசப்படும் இசோக்கோ, நைஜர்-காங்கோ மொழிக்குடும்பத்தின் எடோயிட் கிளையைச் சேர்ந்த மொழி; உர்ஹோபோ மொழி அதன் நெருங்கிய உறவு. ஒலியனியல் பயில்வோர் அதில் முதலில் கேட்க வேண்டியது உதட்டொலிகளை என்பேன். மேற்பல் கீழுதட்டில் உரசப் பிறக்கும் ஒலியும், அதே இடத்தில் உரசாமல் மென்மையாகப் பிறக்கும் ஒலியும், இதழ் குவித்துச் சொல்லும் ஒலியும் அங்கே மூன்று தனி ஒலியன்கள், அதாவது சொற்பொருளை வேறுபடுத்தும் ஒலிகள். நடுவிலுள்ளது ஏறத்தாழ நம் வகரமே. உலக மொழிகளில் இவ்வேறுபாடு மிக அரிது. நாக்கு பல்லைத் தொடப் பிறக்கும் தகரத்தையும், பல்லுக்குப் பின்னுள்ள ஈற்று மேட்டைத் (அண்பல்) தொடப் பிறக்கும் தகரத்தையும் கூட அம்மொழி பிரித்தறிகிறது.

பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் உயிரில் தொடங்கும். அவ்வுயிரே எண்ணையும் காட்டும். 'ஒஹ்வொ' என்றால் ஒரு மனிதர், 'அஹ்வொ' என்றால் மனிதர்கள்.

சொற்கள் உயிரிலேயே முடிவதால், தொடர்ந்து பேசும்போது உயிரும் உயிரும் அடிக்கடி மோதுகின்றன. தமிழ் அவ்விடத்தில் ய், வ் என்ற உடம்படுமெய்களை இடையில் நுழைக்கும். இசோக்கோவிலோ முதற்சொல்லின் இறுதி இகரமும் உகரமும் தாமே ய், வ் போன்ற அரையுயிர்களாகச் சுருங்குகின்றன. பிற உயிர்கள் பெரும்பாலும் கெடுகின்றன, அதாவது ஒலிக்காமல் மறைகின்றன. இது குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் வேறுபடும் சுரமொழி என்பதால், ஓர் உயிர் கெடும்போது அது தாங்கியிருந்த ஏற்ற இறக்கம் என்னவாகிறது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும். உயிரை மட்டும் பார்க்கும் விளக்கம் பாதி விளக்கமே.