மர்ரே ஆற்றங்கரையில் கூடாரம் போடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இடம்: தென் ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்ட். பெரி, லாக்ஸ்டன் ஊர்களுக்கு நடுவே, கட்டரப்கோ ஓடையும் மர்ரே ஆறும் சுற்றி வளைக்கும் வெள்ளச் சமவெளிப் பூங்கா. அடிலெய்டிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். உள்ளே கடை கிடையாது, கரண்ட் கிடையாது. பதில் சொல்கிறவர் தாமரை அக்கா.

கவின்: அக்கா, பதிவு பண்ணும்போது எந்த இடத்தை எடுக்கறது? ஆறு தெரியணும், நிழல் வேணும். சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேர்.

ஆறு தெரியற இடமா எடுங்க. நிழலுக்கு மட்டும் மரத்தை நம்பாதீங்க. கரையோரம் நிக்கிற பெரிய மரமெல்லாம் ரெட் கம். நம்ம ஊர்ல தைலமரம்னு நட்டதுல இந்த இனமும் உண்டு. காத்தே இல்லாத கடும் வெயில் நாள்லகூட, எந்த அறிகுறியும் காட்டாம பெருங்கிளையை முறிச்சுப் போடும். விழறது பல நேரம் இலையோட இருக்கிற பச்சைக் கிளை. அதனால "பட்ட கிளை எதுவும் இல்லையே"ன்னு கணக்குப் போடக் கூடாது. கூடாரம், கார், பிள்ளைங்க விளையாடற பாய், எல்லாமே கிளை விரிப்புக்கு வெளியே இருக்கணும்.

நிழலுக்கு நாலு கால் கசீபோ (மடக்குப் பந்தல்) கொண்டு போங்க. நாலு காலுக்கும் கயிறு கட்டி முளை அடிக்கணும். மணல்ல முப்பது சென்டிமீட்டர் நீள முளை பிடிக்கும், கூடாரத்தோட வர்ற சின்ன முளை பிடுங்கிக்கும். காய்ஞ்ச களிமண் கல்லு மாதிரி இருக்கும். அதுக்கு இரும்பு முளையும் சுத்தியலும் வேணும். கரை விளிம்பை விட்டும் நல்லாத் தள்ளிப் போடுங்க. மேலே புல் தெரியும், அடியில தண்ணி அரிச்சிருக்கும்.

யாழினி: அக்கா, ஆத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கலாம்தானே?

வேண்டாம் யாழினி. கொதிக்க வச்சா கிருமி சாகும். வெப்பக் காலத்துல வர்ற நீலப்பச்சைப் பாசியோட நச்சு கொதிச்சாலும் போகாது. தண்ணி மேல பச்சைப் பெயின்ட் ஊத்தின மாதிரி படலம் தெரிஞ்சா குளிக்கவும் இறங்காதீங்க. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க எட்டு லிட்டர் வச்சுக்குங்க. அதோட ரெண்டு நாளைக்கு உபரி. ஏன் உபரின்னு அடுத்த பதில்ல இருக்கு.

ரவி: சாதா செடான் கார்ல போக முடியுமா?

தரை காய்ஞ்சிருந்தா பெரும்பாலான பாதையில மெதுவாப் போகலாம். மழை பெய்ஞ்சா கதை வேற. அந்தக் களி டயர்ல அப்பிக்கிட்டே போய் மட்கார்டு வரைக்கும் ஏறி, கடைசியில சக்கரமே சுத்தாது. நாலு சக்கர வண்டியும் அதுல வழுக்கும். மழை வர்ற மாதிரி இருந்தா, பெய்யறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. பெய்ஞ்சிருச்சுன்னா பாதை காயற வரைக்கும் உள்ளேயே இருங்க. உபரித் தண்ணி அதுக்குத்தான். கிளம்பற அன்னிக்குக் காலையில பூங்கா மூடல் அறிவிப்பைப் பாருங்க. ஆறு பெருகினாலும் மூடிடுவாங்க. 2022 கடைசியில வந்தது 1956க்குப் பிறகு இங்க வந்த மிகப் பெரிய வெள்ளம். இந்தச் சமவெளியெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு.

தேவி: நாயைக் கூட்டிட்டு வரலாமா?

ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒவ்வொரு விதி. பதிவுப் பக்கத்துலயே போட்டிருக்கும், பாருங்க.

மீனா: மூணு நாள் சமையலுக்குத் தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், வாழைப்பழம் எல்லாம் அடிலெய்டுலயே வாங்கிடலாம்னு இருக்கோம். ஐஸ் பெட்டியில எத்தனை நாள் தாங்கும்?

தாங்கறது இருக்கட்டும், அதைக் கொண்டே வரக் கூடாது. இந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லாமே பழ ஈ முட்டையிடற சாதி. ரிவர்லேண்டுக்குள்ள அதுகளைப் பச்சையாக் கொண்டு வரத் தடை இருக்கு. விக்டோரியா பக்கமிருந்து வந்தா யாம்பா சோதனைச் சாவடியில வண்டியை நிறுத்திப் பார்ப்பாங்க.

செந்தில்: ரெண்டு பச்சை மிளகாய்க்கு இவ்வளவா? குப்பையில போடாம நாமளே சாப்பிட்டுடறோம்.

ரெண்டே போதும் செந்தில். குயின்ஸ்லாந்து பழ ஈ தோலைக் குத்தி உள்ள முட்டை வைக்கும். வெளியே ஊசி முனை அளவு புள்ளிதான் தெரியும், பல நேரம் அதுவும் தெரியாது. நறுக்கும்போது ஒண்ணு அழுகியிருந்தா என்ன பண்ணுவீங்க? புதருக்குள்ள வீசுவீங்க. புழு மண்ணுக்குள்ள போய்க் கூட்டுப்புழுவாகி ஈயா வெளியே வரும். பூங்காவைத் தாண்டினா ஆரஞ்சுத் தோட்டம்தான்.

செந்தில்: சூப்பர் மார்க்கெட்ல வாங்கி ரசீதோட இருந்தா? யாரோ வீட்டுத் தோட்டத்துக் காய்க்குப் போட்ட சட்டத்தை எங்க மேல ஏன் காட்டணும்?

விதிவிலக்கு என்னன்னு மாநில வேளாண் துறை பக்கத்துல பாருங்க. பழ ஈ பரவுற நிலவரத்தைப் பொறுத்து மாறும். ஆனா இதை அதிகாரிங்க கெடுபிடியா மட்டும் பார்க்காதீங்க. 2020 டிசம்பர்ல ரென்மார்க் பக்கம் பழ ஈ பிடிபட்டதுல இருந்து இங்க தோட்டக்காரங்க படற பாடு பெரிசு. ஈ இல்லாத பகுதிங்கிற பேர் இருந்தாத்தான் கூடுதல் சிகிச்சை இல்லாமப் பழத்தை வெளியே அனுப்ப முடியும். பேர் போனா ஒவ்வொரு லோடையும் குளிர்ல வைக்கணும், புகை போடணும். போர்ட் அகஸ்டாவுல இதுக்குன்னே ஆலை வச்சு மலட்டு ஈக்களை வளர்த்து இந்த ஊர்கள் மேல விடறாங்க; அதுகளோட சேர்ற காட்டு ஈக்கு வாரிசு வராது. அவ்வளவு உழைப்பையும் நம்ம சாம்பார் கெடுக்க வேண்டாம்.

மீனா: அப்போ எப்படித்தான் சமைக்கறது?

இது நல்ல கேள்வி. காய வச்சது, வேக வச்சது, ஊறுகாய், டப்பாவுல அடைச்சது எதுக்கும் தடை இல்லை. வத்தல் மிளகாய், புளி, டப்பாத் தக்காளி. தக்காளித் தொக்கை வீட்டுலயே எண்ணெய் பிரியற வரைக்கும் சுண்டக் காய்ச்சி எடுத்துட்டு வாங்க. வெங்காயம், உருளை, இஞ்சி, பூண்டு கொண்டு வரலாம். பச்சைக் காய்கறியைப் பெரி ஊர்லயோ லாக்ஸ்டன்லயோ வாங்குங்க.

குமரன்: ரெண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டலாமா?

முதல் பதிலைப் படியுங்க. கட்டக் கூடாது.

நிலா: பாம்பு கடிச்சா? கயித்தால இறுக்கிக் கட்டணும்னு பாட்டி சொல்வாங்க.

கயிறு வேண்டாம். வெட்டவோ உறிஞ்சவோ கழுவவோ வேண்டாம். இங்க பிரவுன் பாம்பும் டைகர் பாம்பும் உண்டு. பத்து சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் கட்டுத் துணி மூணு வச்சிருங்க. கடிபட்ட இடத்து மேல முதல் கட்டு, சுளுக்குக்குக் கட்டற மாதிரி அழுத்தமா. ரெண்டாவதை விரல்கிட்ட ஆரம்பிச்சு கை அல்லது கால் முழுக்க மேல வரைக்கும் சுத்துங்க. குச்சி வச்சு அசையாமக் கட்டி, கடிபட்ட இடத்தைப் பேனாவால குறிச்சு விடுங்க. ஆளை நடக்க விடாதீங்க, 000க்குக் கூப்பிடுங்க. சிக்னல் இல்லாத இடமும் உண்டு. செயற்கைக்கோள் வழியா உதவி கேட்கற 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியைப் பதிவு பண்ணிக் கையில வச்சிருங்க.

அருண்: கீழே கிடக்கிற விறகை எடுக்கலாமா?

கூடாது. பூங்காவுல விழுந்த மரம் பல்லிக்கும் பாம்புக்கும் வீடு. தண்ணிக்குள்ள விழுந்தது மர்ரே காட் மீனுக்கு. விறகை வெளியில வாங்கிட்டு வாங்க. சுமார் நவம்பர்ல இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் தீ அபாயப் பருவம். விறகுத் தீ மூட்டவே முடியாது, சரியான தேதியை அந்த ஆண்டு அறிவிப்புல பாருங்க. முழுத் தீத்தடை நாள்னா கேஸ் அடுப்புக்கும் கட்டுப்பாடு. அன்னிக்குப் புளிசாதமும் சப்பாத்தியும் கையில இருக்கணும்.

ஜீவா: ஜூலையில போறோம். ராத்திரி குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ள...

கூடாது, ஜீவா. கரி, கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதுவும் கூடாரத்துக்குள்ள எரியக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொன்னுடும். அணைஞ்ச மாதிரி தெரியற கரியும் அதை விடும். கீழே தடிமனான மெத்தை போடுங்க, தூங்கும் பையோட குளிர் அளவைப் பார்த்து வாங்குங்க.

வாசன்: மீன் பிடிக்க லைசென்ஸ்? அப்புறம், மரத்து நிழல்ல தூண்டில் போட்டு உட்காரலாமா?

தென் ஆஸ்திரேலியாவுல தூண்டிலுக்கு லைசென்ஸ் வேண்டாம். கார்ப் கெண்டை மாட்டினா உயிரோட திரும்ப விடக் கூடாது, அது சட்டம். மர்ரே காட் மாட்டினா வச்சுக்கக் கூடாது, விட்டுடணும். ரெண்டாவது கேள்விக்குப் பதில் இதோட மூணாவது தடவை: மரத்துக்கு அடியில உட்காராதீங்க. வெட்டவெளிக் கரையில குடை வச்சு உட்காருங்க.