பெரிய பேட்டரி போட்டால் கேரவன் வேனில் கரண்ட் நிற்பதும் பம்ப் தானாக ஓடுவதும் சரியாகுமா?

"செகண்ட் ஹேண்டில் ஒரு கேரவன் வேன் வாங்கினேன். மிக்ஸி போட்டால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. ராத்திரியில் எந்தக் குழாயையும் திறக்காமலே தண்ணீர் பம்ப் ஓடுகிறது. லித்தியம் பேட்டரிக்கு மாறச் சொல்கிறார்கள், மாறலாமா?" இதுதானே கேள்வி?

மாறாதீர்கள். அதாவது, இன்றைக்கு மாறாதீர்கள். இதே இரண்டு கோளாறோடு, இதே யோசனையைக் கேட்டு மாறியவன் நான். எவ்வளவு செலவானது என்று இங்கே எழுத மாட்டேன், இந்தத் தளத்தை என் மனைவியும் படிக்கிறாள்.

நீங்களும் வீட்டுப் பெரியவர்களுக்காகத்தான் வண்டி வாங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எங்களுக்கு மன்னார்குடி. அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை, முட்டி வலி. நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆலங்குடி, திங்களூர், சூரியனார்கோயில், திருநள்ளாறு என்று எல்லாமே காலையில் கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடும் ஊர்கள்தான். ஆனால் மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போகவேண்டிய ஒரு அம்மாளோடு கோயில் ஊர்களில் சுற்றிப் பாருங்கள், தெரியும். கோபுரம் முழுக்க சீரியல் லைட் எரியும், பக்கத்திலிருக்கும் கட்டணக் கழிப்பறையில் ஒரு பல்ப் இருக்காது. முட்டி மடங்காதவர்கள் உட்கார ஒரு வெஸ்டர்ன் இருக்காது. காசு வாங்க மட்டும் ஆள் உட்கார்ந்திருப்பார். லாட்ஜில் ரூம் போடலாமே என்று கமென்ட் எழுதப் போகிறவர்கள், முதலில் உங்கள் அம்மாவை லாட்ஜ் மாடிப்படியில் ஏற்றிப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கியது ஆர்சி புத்தகத்திலேயே கேரவன் என்று பதிவான பழைய வண்டி. (சாதா வேனை நாமே வெட்டி ஒட்டிக்கொள்வது வேறு கதை. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார், அவருக்காக முன்னாலேயே சொல்லிவிட்டேன்.) உள்ளே 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி, கூரையில் சோலார் பேனல், 1000 வாட் இன்வெர்ட்டர், சீட்டுக்கு அடியில் 100 லிட்டர் டேங்க், பிரஷர் குறைந்தால் தானாக ஓடும் 12 வோல்ட் பம்ப். எந்த ஊரில் நிறுத்தினாலும் பையன்கள் ஓடி வந்து "உள்ள யாருண்ணே, நடிகரா?" என்பார்கள். அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே!

மிக்ஸி கோளாறு முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. வண்டியை விற்றவர் பேட்டரி பழசு என்றார். பேட்டரிக் கடைக்காரரும் அதையே சொன்னார், அவர் வேறு என்ன சொல்வார். லித்தியம் அயன் பாஸ்பேட் 100 ஆம்பியர் ஹவர் வாங்கிப் போட்டேன். அவர் சொன்ன கணக்கில் தப்பில்லை. டியூபுலரைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே 150-இல் 75தான் நம்முடையது. லித்தியத்தில் நூற்றுக்கு எண்பதாவது எடுக்கலாம், எடையும் கால்வாசிதான். எல்லாம் உண்மை. என் கோளாறுக்கும் அதற்கும்தான் சம்பந்தம் இல்லை.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் கோடியக்கரையில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். ராத்திரி முழுக்கப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பம்ப் டுர்ர் என்று ஓடி நிற்கிறது. "யாரோ தண்ணி பிடிக்கிறாங்க பாருடா" என்று அம்மா இரண்டு முறை எழுப்பிவிட்டாள். மறுநாள் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வந்து சட்னிக்கு மிக்ஸி போட்டால், புது பேட்டரி, அதே கூச்சல். பழையதைவிட அரை நிமிஷம் கூடுதலாக ஓடியது, அவ்வளவுதான்.

திரும்பும்போது திருத்துறைப்பூண்டியில், பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டேன். கேரவன் என்ற சொல்லே அவருக்குப் பழக்கமில்லை. கேட்டது ஒரே கேள்வி: "பேட்டரிய விடுங்க தம்பி. எர்த் எங்க பிடிச்சிருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவரே கீழே படுத்துத் தேடினார். பேட்டரி மைனஸ் சேஸில், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில், ஒரு போல்ட்டிலும், இன்வெர்ட்டர் மைனஸ் ஆறடி தள்ளி இன்னொரு போல்ட்டிலும் பிடித்திருந்தது. இரண்டாவது போல்ட்டில் பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கியிருந்தார்கள். அதற்கு மேல் உப்புக் காற்றில் துரு.

அவர் செய்ததை அப்படியே நீங்களும் செய்து பாருங்கள். ஒரு சாதா மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வீட்டில் ஒருவரை மிக்ஸியை ஓட்டச் சொல்லுங்கள், சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை. எனக்குப் பேட்டரி முனையில் 12.9 இருந்தது, இன்வெர்ட்டர் முனையில் 10.8. நடுவில் 2.1 வோல்ட் காணவில்லை, வோல்ட் இப்படி இறங்குவதால்தான் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நிற்கிறது. அது எங்கே போனது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி பிளஸிலும் மற்றதை இன்வெர்ட்டர் பிளஸிலும் வைத்தார், 0.3. அதேபோல மைனஸுக்கு மைனஸ் வைத்தார், 1.8! 12 வோல்ட்டில் ஒரு 500 வாட் மிக்ஸி ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். 1.8-ஐ 50-ஆல் பெருக்கினால் 90 வாட். அவ்வளவு சூடும் அந்த ஒரு போல்ட்டில். தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். பிறகு சேஸை நம்பவேண்டாம் என்று மைனஸுக்கும் தனியாக 35 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் இழுத்து, லக்கை நன்றாகக் கிரிம்ப் செய்து, மேலே வாஸ்லின் தடவினார். இப்போது மிக்ஸி ஓடும்போது இன்வெர்ட்டரில் 12.5. கூலியும் கேபிளும் சேர்த்து, பேட்டரி விலைக்கு முன்னால் டீச்செலவு மாதிரி. பழைய டியூபுலரே இன்னும் இரண்டு வருஷம் உழைத்திருக்கும். அதைப் பாதி விலைக்குக் கூட இல்லாமல் எடைக்குப் போட்டேன்.

பம்ப்புக்குப் போகும் ஒயரையும் பாருங்கள். என்னுடையதில் 1 ஸ்கொயர் எம்எம் போட்டிருந்தார்கள். போக வர 12 மீட்டர், பம்ப் 8 ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே தீர்ந்துவிடும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். ஃபியூஸ் பேட்டரி பிளஸுக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். 24 வோல்ட்டாக மாற்றினால் இந்தத் தொல்லையெல்லாம் பாதியாகுமே என்று ஒரு அறிவாளி கேட்பார். ஆகும், ஐயா. லைட், ஃபேன், பம்ப் எல்லாவற்றையும் நீங்கள் மாற்றிக் கொடுப்பீர்களா?

பம்ப் தானாக ஓடுவதற்குக் காரணம் இரண்டே இடத்தில்தான் இருக்கும். பம்ப்புக்குப் பிறகு எங்கோ கசிகிறது, அல்லது பம்ப்புக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. பம்ப்பை ஒட்டி வெளியே போகும் பக்கத்தில் ஒரு கேட் வால்வு போட்டு மூடுங்கள். அப்போதும் ஓடினால் பம்ப்பில் கோளாறு, ஓடாவிட்டால் குழாயில் கசிவு. எனக்குப் பம்ப்பில்தான். வழியில் ஒரு போர்வெல்லில் பிடித்த தண்ணீரோடு வந்த நைஸ் மணல் வால்வில் உட்கார்ந்திருந்தது. பம்ப்புக்கு முன்னால் வலை வடிகட்டி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழாய். தலையைக் கழற்றிக் கழுவி, வடிகட்டி போட்டதும் சத்தம் நின்றது. குழாயில் தண்ணீரோடு காற்றுக் குமிழ் வந்தால் டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள கிளாம்பை முறுக்குங்கள். வேதாரண்யம் பக்கம் போகிறீர்கள் என்றால் தண்ணீரை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அங்கே பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு.

இவ்வளவு பாடுபட்டுச் சரி செய்த வண்டியை மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு, பெண்ணுக்கு மேக்கப் போட என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மண்டபத்தில் ஏசி ரூம் இரண்டு இருந்தது, அது போதவில்லையாம். 1000 வாட் இன்வெர்ட்டரில் 1800 வாட் ஹேர் டிரையர் மாட்டியிருக்கிறார்கள். வண்டி திரும்பி வந்தபோது டேங்க் காலி, டீசல் காலி, வாஷ்பேசின் வடிகுழாயில் ஒரு முழம் மல்லிகைப்பூ. ஆல்பத்தில் வண்டி இருக்கிறது, நான் இல்லை.

அப்புறம், இதற்குப் பிறகும் லித்தியத்துக்கு மாறுவதாக இருந்தால் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருவது) நேராகச் சார்ஜ் கொடுக்காதீர்கள். லித்தியம் கரண்டை வாரி இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுவிடும். நடுவில் அந்தக் கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். சோலார் கன்ட்ரோலரிலும் பேட்டரி வகையை மாற்றி வைக்கவேண்டும். லாட்ஜ், மண்டபம் என்று வெளிக் கரண்ட் எடுக்கிறவர்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று கட்டாயம் போடுங்கள். பல இடங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டையில் ஒயரே இருக்காது. மழையில் வெறுங்காலோடு வண்டிக் கைப்பிடியைத் தொட்டு ஒரு முறை உதறல் வாங்கியிருக்கிறேன்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, கணக்கு எழுதுகிற வேலை. பட்டதைச் சொல்கிறேன். மிக்ஸி ஓடும்போது பிளஸுக்குப் பிளஸ் எவ்வளவு, மைனஸுக்கு மைனஸ் எவ்வளவு என்று அளந்து கீழே போடுங்கள், பார்க்கலாம். போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். சோலார் ஒயரையும்தான், அதை முதலில்.