ராகி வயல் ஓரத்தில் தரை ஆர்க்கிட்: விதையைக் காப்பது எப்படி?

கேள்வி: ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இருக்கிறது ஐயா. ராகியும் அவரையும் போடுகிறோம். பாறையை ஒட்டிய கரம்பில் செப்டம்பர் வந்தால் ஒரு செடி பூக்கிறது. இரண்டு மூன்று வட்ட இலைகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். நடுவில் ஒரு சாணுக்கு மேல் தண்டு, வெள்ளைப் பூ, பூவுக்குப் பின்னால் நீண்ட வால், சாயங்காலமானால் வாசனை. இந்த வருடம் 11 செடிதான் தேறியது. போன வருடம் காயைப் பறித்து, தேங்காய்நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் விதையைத் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பக்கத்து நிலம் லேஅவுட் ஆகிறது. விதையை எப்படிச் சேமிப்பது? கிழங்கைப் பெயர்த்து வீட்டுத் தொட்டியில் வைக்கலாமா?

பதில்: அடையாளங்கள் ஹேபெனாரியா ராக்ஸ்பர்கி என்ற தரை ஆர்க்கிட்டோடு பொருந்துகின்றன. பூவையும் இலையையும் படமெடுத்து பெங்களூர் ஜி.கே.வி.கே. வளாகத்து வேளாண் பல்கலைக்கழகத்தில் தாவரம் தெரிந்தவர்களிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அதே பேரினத்தில் வேறு செடியாக இருந்தாலும் பராமரிப்பு பெரிதாக மாறாது.

முதலில் குழித்தட்டு விஷயம். ஆர்க்கிட் விதை தூசி போன்றது. நெல்லிலும் ராகியிலும் இருப்பதுபோல் முளைக்கு ஊட்டும் மாவுச்சத்துச் சேமிப்பு அதில் கிடையாது. மண்ணில் வாழும் சிலவகைப் பூஞ்சைகள் விதைக்குள் நுழைந்து உணவு கொடுத்தால்தான் கரு வளரும். பிரான்சின் நோயல் பெர்னார் இதை 1899இல் கண்டறிந்தார். உங்கள் தேங்காய்நார்க் கழிவில் அந்தப் பூஞ்சை இருந்திருக்காது. தண்ணீர் தெளித்தபோது பாதி விதை அடித்துக்கொண்டும் போயிருக்கும். எனவே நீங்கள் காக்க வேண்டியது விதையை மட்டுமல்ல, அந்தக் கரம்பு மண்ணையும்தான்.

கிழங்கைத் தொட வேண்டாம். இந்தச் செடி ஆண்டுக்கு ஒருமுறை பழைய கிழங்கின் பக்கத்தில் புதுக் கிழங்கு வைக்கும், பழையது சுருங்கிவிடும். பூக்கும் பருவத்தில் பெயர்த்தால் புதியது முற்றியிருக்காது, இரண்டும் போய்விடும். உங்கள் கரம்புக்கே ஜேசிபி வரும் நிலை வந்தால் மட்டும், இலை காய்ந்து கிழங்கு உறங்கும் பிப்ரவரி, மார்ச்சில், ஒரு அடிச் சதுரத்துக்கு ஒரு அடி ஆழ மண்கட்டியாக வெட்டி, குலையாமல், அதே மாதிரிச் சரளை நிலத்தில் இறக்குங்கள். இடத்தை இப்போதே, இலை இருக்கும்போதே, கல் நட்டுக் குறித்துவையுங்கள். காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது. வீட்டுத் தொட்டி எனக்கு உடன்பாடில்லை. கோடையில் யாராவது தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். உறங்கும் கிழங்கு அழுகும்.

காய் பிடிப்பு குறைவாக இருந்தால் கையால் மகரந்தம் சேர்க்கலாம். வெள்ளை நிறமும் அந்தி வாசனையும் நீண்ட வாலும் இரவு அந்துப்பூச்சிக்கு ஏற்றவை. தெருவிளக்கு பெருகும் இடத்தில் பூச்சி வரத்து குறையலாம். பல்குத்தும் குச்சியின் நுனியால் பூவின் நடுவே தொட்டால் மஞ்சள் மகரந்தத் திரள் ஒட்டிக்கொண்டு வரும். அதை வேறொரு செடியின் பூவில், வால் தொடங்கும் துளைக்கு அருகே பசைபோல் மின்னும் சூல்முடியில் அழுத்துங்கள். அதே செடியில் சேர்த்தால் காய் பிடித்தாலும் பதர் விதை அதிகமாகும் அபாயம் உண்டு. ஒரு தண்டுக்கு மூன்று நான்கு பூ போதும். எல்லாப் பூவையும் காயாக்கினால் கிழங்கு இளைத்து அடுத்த ஆண்டு செடி பூக்காமலே போகலாம்.

அறுவடையில்தான் பலரும் தவறுகிறார்கள். நாளை எண்ணாமல் காயைப் பாருங்கள். பச்சை மாறி மஞ்சள் கலந்த பழுப்பாகி, வரிகள் புடைத்து நிற்கும்போது எடுக்க வேண்டும். அடிக்காய்தான் முதலில் முற்றும். வெடித்துவிட்டால் ஒரு காற்றில் எல்லாம் போய்விடும்; அதனால் காய் பருக்கும்போதே மெல்லிய மஸ்லின் துணிப்பை கட்டிவிடுங்கள். நன்கு காய்த்த ஆறு செடிகளிலிருந்து செடிக்கு ஒரு காய் எடுத்தால் போதும். ஒவ்வொரு காயிலும் ஆயிரக்கணக்கில் விதை உண்டு, மீதி நிலத்திலேயே சிதறட்டும். மழை நின்ற நாளில், பனி உலர்ந்த பிறகு எடுத்து, தாய்ச்செடிவாரியாகத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும்.

நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்தால் காய் தானாகப் பிளக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வெள்ளைத் தாளில் தட்டி, நுண்ணிய டீ வடிகட்டியில் சலித்துத் தோலை நீக்குங்கள். விதையைச் சிறு காகிதப் பொட்டலமாக மடித்து, விதையின் எடையைப்போல் பல மடங்கு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத கண்ணாடி ஜாடியில் ஒரு வாரம் வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். சிலிக்கா கிடைக்காவிட்டால் நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி உதவும், ஆனால் அத்தனை வறட்சி தராது. வெயிலில் காயவைக்காதீர்கள்.

காய்ந்த பிறகு ஜாடியோடு ஃப்ரிட்ஜின் உள் தட்டில், கதவில் அல்ல, 4 முதல் 5 டிகிரியில் வைத்தால் ஒன்றிரண்டு ஆண்டுத் தேவைக்குப் போதும். நீண்ட காலத்துக்கு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர் நல்லது. ஆனால் ஈரம் மிச்சமிருந்தால் உறைந்து கரு செத்துவிடும். வெளியே எடுத்ததும் ஜாடியைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே நீர் கோக்காது. பெங்களூரில் கோடை மின்வெட்டு சகஜம் என்பதால் பாதி விதையை வேறொரு வீட்டில் வைப்பது புத்திசாலித்தனம்.

தரம் பார்க்க ஒரு பள்ளி நுண்ணோக்கி போதும். 40 மடங்கில், கண்ணாடிபோன்ற உறைக்குள் நீள்வட்டக் கரு தெரிந்தால் நல்ல விதை, வெற்று உறை மட்டும் தெரிந்தால் பதர். உயிர் இருக்கிறதா என்று உறுதியாகப் பார்க்க, ஆய்வகத்தில் 1 சதவீத டெட்ராசோலியம் கரைசலில் இருட்டில், சுமார் 30 டிகிரியில், 24 மணி நேரம் வைப்பார்கள். உயிருள்ள கரு சிவக்கும்.

விதைப்புக்கு உங்கள் கரம்பே சிறந்த நாற்றங்கால். ஸ்கிரீன் பிரிண்டிங் பொருள் விற்கும் கடையில் சுமார் 50 மைக்ரான் கண்ணுள்ள நைலான் துணி கிடைக்கும். அதில் தீப்பெட்டி அளவில் பை தைத்து, நுண்ணோக்கியில் தேறியதில் 100, 200 விதை போட்டு மூடுங்கள். பூஞ்சை இழை உள்ளே போகும், விதை வெளியே வராது. தாய்ச்செடிக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு விரற்கடை ஆழத்தில், நைலான் நூலில் அடையாளம் கட்டிப் புதையுங்கள். ஜூன் மழைக்குப் பிறகு ஒரு பையை மட்டும் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் மயிருள்ள வெள்ளை உருண்டைகள், அதாவது முளைத்த விதைகள், தெரிந்தால் அங்கே பூஞ்சை இருக்கிறது. அந்த இடத்தில் மீதி விதையைப் பொடிமணலோடு கலந்து தூவலாம். இலை வர ஒரு மழைக்காலமோ இரண்டோ ஆகும். திசு வளர்ப்புக் கூடம் யாராவது ஒத்துழைத்தால், முழுதாக முற்றாத, வெடிக்காத பச்சைக் காயையே கொடுங்கள். வெளித்தோலைச் சுத்திகரித்தாலே உள்விதை சுத்தமாக இருக்கும். இந்த முறையில் பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) ஊடகத்தில் முளைக்க வைக்கலாம். 1922இல் லூயிஸ் நட்சன் காட்டிய வழி அது.

கரம்பில் டிஏபி, சூப்பர் பாஸ்பேட் உரங்கள் படக்கூடாது. களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். அவரைக்கு கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி அடிக்கும் நாளில் காற்று கரம்பின் பக்கம் வீசினால் தள்ளிப்போடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை மாடு, ஆடு கட்டாதீர்கள்; விதை சிதறிய பிறகு, ஜனவரியில், புல்லை அறுத்துவிடுங்கள். உண்ணிச்செடி மூடினால் வேரோடு பிடுங்காமல் அடியோடு வெட்டுங்கள், பிடுங்கினால் கிழங்கும் கூடவே வரும்.

எண்ணிக்கையைக் கூட்ட ஆசைப்பட்டு பன்னேர்கட்டா, சாவனதுர்கா காடுகளில் போய் எடுத்துவராதீர்கள். வனத்துறை அனுமதியின்றி அது குற்றம். ஆர்க்கிட்டுகள் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. வெளிநாட்டவர் யாராவது விதை கேட்டால், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் கொடுக்கக்கூடாது.