மூன்றாம் மாடிக்கு எந்த ஸ்ட்ரோலர்?

கேள்வி: பிரசவத்துக்கு வந்து காரைக்குடியில் தாய்வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு இரண்டரை மாதம். ஐந்தாம் மாதம் சென்னைக்குத் திரும்ப வேண்டும். அங்கே மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, காரும் இல்லை. தொட்டில், ஸ்ட்ரோலர், கார் சீட் மூன்றும் சேர்ந்த ‘த்ரீ இன் ஒன்’ வண்டியை 24,000 ரூபாய் என்று கடையில் காட்டினார்கள். மூன்று வயதுவரை இது ஒன்றே போதுமாம். 2,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டோம். வாங்கலாமா?

குழந்தைகள் இயன்முறை மருத்துவரின் பதில்:

வேண்டாம். முன்பணம் போனாலும் பரவாயில்லை.

நம் ஊர்களில் ஸ்ட்ரோலரைத் தள்ளுவதைவிடத் தூக்குவதுதான் அதிகம். உங்கள் தாய்வீட்டையே பாருங்கள். உள்ளே ஆத்தங்குடிக் கல் தரையில் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு ஓடும். தெருவுக்கு வர நிலைப்படியைத் தாண்ட வேண்டும், திண்ணைப் படிகளில் இறங்க வேண்டும். அப்புறம் தெரு. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. செக்காலை ரோட்டில் ஒரு குழந்தையை வண்டியில் வைத்து நூறு அடி நிம்மதியாகத் தள்ள முடிகிறதா என்று எந்த அதிகாரியாவது தள்ளிப் பார்த்துச் சொல்லட்டும். சென்னையில் மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன, அதுவும் நீதிமன்றம் வரை போன பிறகு. ஆனால் வீட்டிலிருந்து அந்த நிறுத்தத்துக்கு எப்படிப் போவது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்த மூன்று சேர்ந்த வண்டிகள் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ இருக்கும். ஐந்தாம் மாதம் உங்கள் மகள் ஆறரை, ஏழு கிலோ இருப்பாள். பிரசவித்து ஐந்து மாதமே ஆன உடம்போடு இருபது கிலோவைத் தினமும் மூன்று மாடி ஏற்றுவீர்களா? ஒரு வாரம் ஏற்றுவீர்கள். பிறகு வண்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்படிப்பட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது ஏழெட்டு கிலோவுக்குள், ஒற்றைக் கையால் மடங்குகிற, சாய்மானம் கிட்டத்தட்ட படுக்கையாகவே இறங்குகிற வண்டி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முதுகும் கழுத்தும் நிமிர்ந்து நிற்காது. சாய்மானம் 150 டிகிரிக்காவது விரிய வேண்டும் என்று இ.என். 1888 என்ற ஐரோப்பியத் தரநிலை சொல்கிறது. கடையில் அளக்க முடியாதுதான். குழந்தையைப் படுக்க வைத்துப் பாருங்கள். தாடை நெஞ்சில் இடித்தால் அந்த வண்டி இப்போதைக்கு ஆகாது. மற்றபடி தோள், இடுப்பு, கால் நடுவே என ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட், முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டும் வசதி, பிரேக். இவ்வளவு போதும்.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். குழந்தை முன்கூட்டியே பிறந்திருந்தால் ஆறு மாதத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வாரம் முன்னால் பிறந்த பிள்ளைக்கு வீட்டில் ஆறு மாதம் என்பார்கள், ஆனால் அதன் கழுத்துக்கும் முதுகுக்கும் நாலு மாதம்தான். அப்பத்தா ‘ஆறு மாசம் ஆச்சு, உட்கார வை’ என்பார். வைக்காதீர்கள். உங்கள் மகள் இரண்டு வாரம் முந்தியிருந்தால் கவலையில்லை. ஐந்து, ஆறு வாரம் முந்தியிருந்தால் அத்தனை வாரங்களையும் கழித்துவிட்டு, அவளுடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்து அந்தக் கார் சீட். கார் உள்ளவர்களுக்கு அது கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமே இருக்கிறது. அதைச் சொல்லியே கார் இல்லாதவர் தலையிலும் கட்டுகிறார்கள். வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று அதையே வண்டியில் மாட்டி, பிள்ளையை மணிக்கணக்கில் அதிலேயே தூங்க விடுவார்கள். அரை உட்காரலில் தலை முன்னே சரிந்தால் பிஞ்சு மூச்சுக்குழல் மடங்கும். தூங்கிவிட்டால் எடுத்துச் சமதளத்தில் படுக்க வையுங்கள்.

இந்தக் கடைக்கு உங்களை யார் அனுப்பினார்கள் என்று எழுதவில்லை. என் மருமகளுக்குப் பிரசவமான மறுநாள், தையல் வலியோடு படுத்திருந்தபோது வண்டி விற்கிற ஒருவர் வண்ணப் புத்தகத்தோடு வார்டுக்குள்ளேயே வந்துவிட்டார். அவருக்கு எங்கள் வீட்டு நம்பரும் தெரிந்திருந்தது! இவர்களுக்குக் கமிஷன் இருக்கிற வண்டிதான் ‘டாக்டர்கள் பரிந்துரைக்கும்’ வண்டி. மாதத் தவணை என்று ஆரம்பித்தால் உடனே எழுந்துவிடுங்கள். குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற சக்கர வாக்கர் இலவசம் என்றால் அதை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். கனடா 2004-லேயே தடை செய்த பொருள் அது.

சிங்கப்பூர், மலேசியாவில் சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கிருந்து வருகிற பழைய வண்டியைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், மடக்குப் பூட்டும் பிரேக்கும் சரியாக இருந்தால். ஆனால் விமானத்தில் கைப்பையாகக் கொண்டுபோகிற குட்டிச் சக்கர வண்டி நம் சரளையில் முதல் நாளே சிக்கி நிற்கும்.

வெயிலுக்குத் துண்டையோ சேலையையோ போட்டு வண்டியை மூடாதீர்கள். திருஷ்டிக்கும் வேண்டாம். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கைப்பிடியில் காய்கறிப் பையையும் தொங்கவிடாதீர்கள், குழந்தையோடு பின்னால் கவிழும்.

வாங்கப் போகும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் வண்டியை மடக்கித் தூக்கி, கடையின் மாடிப்படியில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். முன்பணத்துக்கு ரசீது இருந்தால் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் நேரமில்லையென்றால் 2,000 ரூபாய்க்கு அங்கேயே டயப்பராக வாங்கிக்கொள்ளுங்கள், எப்படியும் தீர்ந்துவிடும்.