தபால்பெட்டி தேடும் விளையாட்டு

கேள்வி: ஊர் அடையாளங்களைப் புதிர்க் குறிப்புகளாக்கிப் புதையல் தேடும் விளையாட்டுக்கு வரலாறு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில், சாக்ஃபோர்டு ஊர் வழிகாட்டியான ஜேம்ஸ் பெரட், 1854-இல் கிரான்மியர் குளத்தருகே கற்குவியல் எழுப்பி, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை இட்டுச் செல்ல ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். (குளம் என்பது பெயரளவில்தான், அங்கிருப்பது சதுப்பு நிலம்.) பின்னாளில் ஒருவர் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டையை விட்டுவர, அடுத்து வருபவர் அதைத் தபாலில் சேர்ப்பது வழக்கமாயிற்று. இப்போது பாறையிடுக்கில் ஒளித்த பெட்டியில் ரப்பர் முத்திரையும் குறிப்பேடும் இருக்கும். எந்தப் பாறைமுகடு எந்தத் திசையில் தெரிகிறது என்பதே பெரும்பாலும் துப்பு. கண்டெடுத்தவர் முத்திரைப் பதிவை மட்டுமே கொண்டுசெல்வார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி.