மெரினா நிலா பொய் சொல்லுமா?

கேள்வி: ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யூடியூப்ல 'நாம எல்லாரும் ஒரு கம்ப்யூட்டர் கேமுக்குள்ள இருக்கோம்'னு வீடியோவா பாக்குறேன், இப்போ காலைல 29சி பஸ்ல போகும்போது எதிர்ல உக்காந்திருக்கறவங்களே நிஜமான்னு டவுட் வருது. நாம பாக்குறது எல்லாமே மாயைதானா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: காலைல 29சி-ல உக்கார சீட் கிடைச்சுதா, அதைத்தான் முதல்ல நம்ப முடியல. சரி, விஷயத்துக்கு வரேன்.

போன பௌர்ணமி சாயந்தரம் மெரினால இருந்தேன், கடல்லேந்து நிலா ஏறி வருது, தாம்பாளம் சைஸு, பக்கத்துல சுண்டல் தின்னுட்டிருந்த பொண்ணு மொபைல்ல போட்டோ எடுத்துட்டு 'என்னப்பா இது மிளகு மாதிரி விழுந்திருக்கு'ன்னு அப்பாகிட்ட சண்டை. நான் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, சுண்டு விரலை வச்சுப் பாத்தேன், பாதி நகத்துக்குள்ள நிலா அடங்கிடுச்சு. பத்து மணிக்கு மொட்டை மாடில, நிலா மேல ஏறி சின்னதா தெரியறப்போ மறுபடி வச்சேன், அதே பாதி நகம். மூளை ஏன் இப்படிப் பெருசாக்கிக் காட்டுதுன்னு விஞ்ஞானிங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல.

ஏமாந்தேன், சரி. ஆனா ஏமாந்ததை எதை வச்சுக் கண்டுபிடிச்சேன்? அதே கண்ணு, கூட ஒரு விரல். அரை வெளிச்சத்துல கயித்தைப் பாம்புன்னு அலறினவனும், லைட்டைப் போட்டு 'அட கயிறு'ன்னவனும் ஒரே ஆளுதானே. அங்கங்க ஏமாறுறோம்ங்கறதால எல்லாமே ஏமாத்துன்னு ஆயிடாது. அப்போ எல்லாம் நிஜம்னு அடிச்சு நிரூபிக்க முடியுமான்னா, அதுவும் முடியாது, 1641-லயே பிரெஞ்சு தத்துவஞானி டெகார்ட்ஸ், ஒரு கெட்ட ஆவி நம்மள முழுசா ஏமாத்திட்டிருந்தா என்ன பண்றதுன்னு கேட்டு, சந்தேகப்படறதுக்கு நான்னு ஒருத்தன் இருக்கேன்ல, அதையாவது பிடிச்சுக்கறேன்னுதான் ஆரம்பிச்சார்.

உங்க கேம் கதை, நிக் பாஸ்ட்ரம்னு ஒரு தத்துவஞானி 2003-ல எழுதின கட்டுரைலேந்து வந்தது. அவர் மூணு சொன்னார்: ஒரு உலகத்தையே கம்ப்யூட்டர்ல ஓட்டற அளவு டெக்னாலஜி வர்றதுக்குள்ள மனுஷ இனமே அழிஞ்சிடும், இல்ல வந்தும் யாரும் அப்படி உலகத்தை ஓட்ட மாட்டாங்க, இல்ல நாம ஏற்கெனவே அதுக்குள்ள இருக்கோம், இதுல ஒண்ணாவது உண்மையா இருக்கும்னார். நிறைய வீடியோல முதல் ரெண்டையும் முழுங்கிடறாங்க, வியூஸ் வராதுல்ல.

நம்மூர்லயும் மாயைன்னா 'ஒண்ணுமே இல்ல'ன்னு நினைச்சுக்கறாங்க. உலகம் மாயைன்னு பேசற அத்வைதமே அதை முயல் கொம்பு மாதிரி இல்லவே இல்லாததுங்க லிஸ்ட்ல சேக்கல, ஞானம் வர்ற வரைக்கும் நடைமுறைல உண்மைதான்னு சொல்லுது. சைவ சித்தாந்தத்துல மாயை பொய்யே கிடையாது, குயவனுக்கு மண்ணு மாதிரி உலகத்துக்கான மூலப்பொருள். இதோ பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்ல பொறந்த ராமானுஜர், உலகம் நிஜம், அது இறைவனோட உடம்புன்னே வாதாடினவர்.

ஆனா உங்க லெட்டர்ல என் கண்ணுல பட்டது அந்த 'ரெண்டு மணி'தான். நாலு மணி நேரம் தூங்கிட்டு பஸ் ஏறினா எனக்கும் கண்டக்டர் நிஜமான்னு தோணும். ஒரு வாரம் பதினோரு மணிக்குப் படுங்க. அப்புறமும் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னாடி நடக்குற மாதிரியே இருந்தா, மனநல டாக்டர்கிட்ட சொல்லுங்க, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைல பாக்குறாங்க. கீழ்ப்பாக்கம்னதும் சிரிக்காதீங்க, அந்த ஓபி வரிசைல நானும் ஒரு தடவை நின்னிருக்கேன், தூக்கம் வராம.