கிரிப்டோ மோசடியில் பணம் போய்விட்டதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டெலிகிராம் குழுவில் சொன்ன ஒரு ஆப்பில் கிரிப்டோ டிரேடிங்குக்காக ஆறு தவணைகளில் 6.4 லட்சம் ரூபாய் போட்டேன். கடைசித் தவணை 90,000 ரூபாய், நேற்று இரவு யுபிஐ மூலம் அனுப்பியது. ஆப்பில் இப்போது 11 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால், 30% வரியை முதலில் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், நாமக்கல்

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அந்த 11 லட்சம் எங்கேயும் இல்லை. அது அவர்கள் திரையில் எழுதிவைத்த எண். கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதை வருமான வரித் துறைக்கு நீங்கள்தான் நேரடியாகச் செலுத்துவீர்கள். கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் தளங்களான இந்திய எக்ஸ்சேஞ்ச்கள் விற்பனைத் தொகையில் 1% டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். பணத்தை எடுக்க முன்கூட்டி வரி கட்டு என்று சட்டப்படி இயங்கும் எந்த நிறுவனமும் கேட்காது.

மேலே படிப்பதற்கு முன் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். நேற்றைய 90,000 ரூபாய்க்குத்தான் இப்போது வாய்ப்பு அதிகம். நீங்கள் அனுப்பிய கணக்கு பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவருடையது. அங்கிருந்து பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ, டாலர் மதிப்போடு பிணைத்த கிரிப்டோ நாணயமான யுஎஸ்டிடியாகவோ வெளியேறும். புகார் பதிவானதும் அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் போய், கணக்கில் மிச்சமிருக்கும் தொகை முடக்கப்படும். வெளியேறிய பணத்தை அப்படி நிறுத்த முடியாது.

அழைக்கும்போது ஒவ்வொரு தவணைக்கும் தேதி, நேரம், தொகை, பெற்றவரின் கணக்கு எண் அல்லது யுபிஐ ஐடி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பலர் “மொத்தம் 6.4 லட்சம்” என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். தேடல் நடப்பது பரிவர்த்தனை எண்ணை வைத்துத்தான். சொல்லாமல் விட்ட தவணையை யாரும் தேடப் போவதில்லை. ஆறையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். கிடைக்கும் புகார் எண்ணைக் கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் (சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்) விவரங்களை நிரப்பி, வங்கிக் கிளையிலும் எழுத்துமூலம் கொடுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். இணையப் புகார் எஃப்ஐஆர் ஆகிவிடாது. மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குச் சென்று வழக்குப் பதியக் கேளுங்கள். முடக்கிய பணத்தைத் திரும்பப் பெற, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 503-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருக்கும். அப்போது வழக்கு எண் தேவைப்படும்.

இன்னொன்று. டெலிகிராமில் எதிராளி உரையாடலை இரு பக்கமும் அழித்துவிடலாம். எனவே புகார் கொடுத்ததை அவர்களிடம் சொல்லி மிரட்டாதீர்கள். முதலில் உரையாடல், குழுவின் பெயர், அவர்களின் ஐடி, ஆப்பின் திரைகள் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். போனை ரீசெட் செய்ய வேண்டாம், அதுவே சாட்சியம். நெட் பேங்கிங் கடவுச்சொல்லை மட்டும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

நான் இந்திய எக்ஸ்சேஞ்சில் யுஎஸ்டிடி வாங்கி, மோசடிக்காரர்கள் தந்த வாலட் (கிரிப்டோ வைக்கும் டிஜிட்டல் பை) முகவரிக்கு அனுப்பினேன். அதைத் திருப்ப வழியுண்டா?
– வாசகி, கோவை

கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயினில் உறுதியான பரிவர்த்தனையை உங்கள் எக்ஸ்சேஞ்சாலும் ரத்து செய்ய முடியாது. ஆனால் அது போன வழி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். முகவரி ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் ட்ரான் நெட்வொர்க். ட்ரான்ஸ்கேன் தளத்தில் பார்க்கலாம். சுழியத்தோடு எக்ஸ் (0x) என்று தொடங்கினால் எதீரியம் வகை, ஈதர்ஸ்கேனில் தேடலாம்.

நாணயம் ஏதாவதொரு எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் முகவரியை அடைந்தால் நம்பிக்கை இருக்கிறது. அங்கே கேஒய்சி கொடுத்த கணக்கு ஒன்று இருக்கும். காவல்துறை கடிதம் அனுப்பினால் முடக்குவார்கள். யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தாலும் ஒரு முகவரியில் உள்ள நாணயத்தை முடக்க முடியும். அதற்கும் விசாரணை அமைப்பின் கோரிக்கை வேண்டும். பலரின் நாணயங்களைக் கலந்து தடத்தை மறைக்கும் மிக்சரிலோ, ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பல பிரிட்ஜ்களிலோ புகுந்துவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முகவரியையும், பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 64 எழுத்துகள் கொண்ட ஹேஷ் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் தராதீர்கள். பார்த்துத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து பிசகினாலும் தேடல் நின்றுவிடும். காப்பி செய்து ஒரு கோப்பில் ஒட்டி, பென் டிரைவிலும் அச்சிட்டும் கொடுங்கள். உங்கள் எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்கும் அந்த முகவரியைத் தெரிவித்து, கணக்கு அறிக்கை வாங்கிவையுங்கள். 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்ச்கள் பணச் சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் இந்தப் பதிவுகளை அவர்கள் வைத்திருந்தாக வேண்டும்.

இலவச டோக்கன் என்று ஒரு தளத்தில் என் மெட்டாமாஸ்க் வாலட்டை இணைத்து ‘அப்ரூவ்’ (அனுமதி) கொடுத்தேன். யுஎஸ்டிடி மட்டும் போனது. மீதி பத்திரமா?
– வாசகர், திருச்சி

நீங்கள் வாலட்டைத் திறக்கும் ரகசிய 12 சொற்களை அங்கே தட்டச்சு செய்தீர்களா என்பதைப் பொறுத்தது. செய்யவில்லை என்றால், அந்த ஒரு டோக்கனை எடுக்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கலாம். ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்தில் எல்லா அனுமதிகளையும் பார்த்து, தெரியாதவற்றை ரத்து செய்யுங்கள். தளத்தை ‘டிஸ்கனெக்ட்’ செய்தால் அனுமதி நீங்காது.

சொற்களைக் கொடுத்திருந்தால் அந்த வாலட் இனி உங்களுடையது அல்ல. கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை, அது உங்கள் கருவிக்கு மட்டுமான பூட்டு. அதே மெட்டாமாஸ்க்கில் இரண்டாவது கணக்கு திறப்பதும் வீண், அதுவும் அதே சொற்களிலிருந்து பிறப்பதுதான். வேறு கருவியில் புதிய சொற்களுடன் புதிய வாலட் தொடங்கி, மிச்சத்தை உடனே மாற்றுங்கள். பழையதில் பரிமாற்றக் கட்டணத்துக்கு ஈதர் (எதீரியத்தின் நாணயம்) இல்லையென்று கொஞ்சம் போட்டுப் பார்க்காதீர்கள். வந்த நொடியே துடைத்தெடுக்கும் தானியங்கி நிரல்களை (பாட்) மோசடிக்காரர்கள் ஓடவிட்டிருப்பார்கள்.

இழந்த கிரிப்டோவை ‘ஹேக்’ செய்து மீட்டுத் தருவதாக ஒருவர் இன்ஸ்டாகிராமில் பேசுகிறார். முன்பணம் 15,000 கேட்கிறார். என் இழப்புத் தொகையைச் சரியாகச் சொல்கிறார்.
– வாசகர், மதுரை

சரியாகச் சொல்வதுதான் சந்தேகப்பட வேண்டிய காரணம். ஏமாந்தவர்களின் பட்டியலை மோசடிக்காரர்கள் தங்களுக்குள் விற்கிறார்கள். பல நேரம் ஏமாற்றிய ஆளே வேறு பெயரில் வருகிறார். தனிமனிதர் எவரும் பிளாக்செயினை ‘ஹேக்’ செய்து நாணயத்தைத் திருப்ப முடியாது. காவல்துறையும் நீதிமன்றமும் பணத்தை விடுவிக்க முன்பணம் கேட்பதில்லை. பேசியவரின் ஐடியையும் அவர் தந்த கணக்கு எண்ணையும் உங்கள் பழைய புகாரோடு சேர்த்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.